மைனஸ் 40 டிகிரியிலும் பேரிங் சுழல: குளிரறை இயந்திரங்களுக்கு மசகிடும் முழுமையான வழிகாட்டி

சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஆனாலும் கடுங்குளிரில் ஆண்டு முழுவதும் ஓடும் இயந்திரங்கள் வடசென்னையில் நிறையவே உண்டு. காசிமேட்டுப் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் கொடுக்கும் ஐஸ் ஃபேக்டரிகளில் உப்புநீர்த் தொட்டி மைனஸ் 8 முதல் மைனஸ் 10 டிகிரியில் கிடக்கிறது. இறாலையும் மீனையும் உறைய வைக்கும் பிளாஸ்ட் ஃப்ரீசருக்குள் காற்று மைனஸ் 35, மைனஸ் 40 என்று வீசுகிறது. மாதவரம் பக்கத்துக் கிடங்குகளில் உறைந்த சரக்கு மைனஸ் 18-லும் அதற்குக் கீழேயும் அடுக்கப்படுகிறது. இந்த இடங்களில் ஃபேன், கன்வேயர், கலக்கி, கதவு உருளை என்று எதைப் பிரித்தாலும் உள்ளே ஒரு பேரிங் இருக்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் லாரிப் பட்டறையில் போடும் அதே கிரீஸ்தான். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

இந்த இயந்திரங்களைப் பராமரிக்கும் பிட்டர்களுக்கும், அவர்களுக்குச் சாமான் வாங்கித் தரும் மேற்பார்வையாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். குளிரில் பேரிங்குக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, குளிரில் நகராமல் நின்றுவிடும் எண்ணெய். மற்றொன்று தண்ணீர். முதலாவது எல்லாக் குளிர் நாடுகளிலும் உள்ளதுதான். இரண்டாவதை நம் கடற்கரைக் காற்று இரட்டிப்பாக்கிவிடுகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

முதலில், குளிரில் கிரீஸுக்கு என்ன ஆகிறது

கிரீஸ் என்பது சோப்பில் ஊறி நிற்கும் எண்ணெய். எடையில் 80 முதல் 95 சதவீதம் வரை எண்ணெய்தான். அதைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் லித்தியம், கால்சியம் போன்ற உலோக சோப்பு. பேரிங் சுழலும்போது சோப்பு கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயைக் கசியவிடுகிறது. குண்டுக்கும் தடத்துக்கும் நடுவே படலமாக நிற்பது அந்தக் கசிவுதான். கசிவு நின்றால், பேரிங் நிறைய கிரீஸ் இருந்தாலும் தடம் காய்ந்துபோகும்.

மணலி சுத்திகரிப்பு ஆலையில் எரிபொருளோடு மசகுக்கான அடிப்படை எண்ணெயும் பாரஃபின் மெழுகும் தயாராகின்றன. அந்த மெழுகு கச்சா எண்ணெயின் கனமான பகுதியிலிருந்து பிரித்தெடுத்ததுதான். மசகு எண்ணெய்க்காக மெழுகை நீக்கும்போது அது முழுவதுமாகப் போய்விடாது. கொஞ்சம் எண்ணெயிலேயே தங்கிவிடும். அதனால் சாதாரண கனிம எண்ணெய் மைனஸ் 9 முதல் மைனஸ் 15 டிகிரிக்குள் ஓட்டத்தை இழக்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். மெழுகு படிகமாகித் தன் நடுவே எண்ணெயைச் சிறைப்பிடிக்கும்போது கிரீஸுக்குள்ளும் அதே நிலைதான்.

குளிரில் கெட்ட ஒரு ஃபேன் பேரிங்கின் சீலைக் கழற்றிப் பாருங்கள். இரு பக்கமும் கிரீஸ் சுவர்போல் எழுந்து நிற்கும். குண்டு ஓடிய அகலத்துக்குப் பளிச்சென்று ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். சுவரிலுள்ள கிரீஸைத் தொட்டால் புதிது போலவே மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். வாய்க்காலின் நடுவே தடம் மங்கி, பழுப்புப் பொடி ஒட்டியிருக்கும். கிரீஸ் ஒரு மில்லிமீட்டர் தள்ளித்தான் நின்றது. அந்த ஒரு மில்லிமீட்டரைக் கடந்து எண்ணெய் தடத்துக்கு வரவில்லை. “கிரீஸ் இருந்ததே, பிறகு ஏன் பேரிங் போனது?” என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டினால் போதும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. இறுகிய கிரீஸ் குண்டுகளைப் பிடித்துக்கொள்வதால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் குண்டுகள் உருளாமல் சறுக்குகின்றன. தடத்தில் கீறல் விழுகிறது. மோட்டார் கூடுதல் கரன்ட் இழுத்து ஓவர்லோட் ரிலே டிரிப் ஆகிறது. உடனே ரிலேயின் அளவை ஏற்றி வைப்பது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அப்படிச் செய்யக்கூடாது. கெட்டுக்கொண்டிருக்கும் பேரிங்கைப் பற்றி அந்த இயந்திரம் சொல்லும் முதல் தகவல் அந்த டிரிப்தான்.

படி 1: எந்த பேரிங் எவ்வளவு குளிரில் இருக்கிறது என்று எழுதுங்கள்

அறையின் குளிர் வேறு, பேரிங்கின் குளிர் வேறு. ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் தன் சூட்டிலேயே சுற்றுக்காற்றைவிடக் கதகதப்பாக இருக்கும். அதே மோட்டார் சில மணி நேரம் நின்றுவிட்டால் அறையின் குளிருக்கே இறங்கிவிடும். கிரீஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நின்றுபோன மோட்டாரின் குளிருக்கு. மின்தடைக்குப் பிறகு முதல் ஸ்டார்ட் எந்த வெப்பநிலையில் நடக்குமோ, அந்த எண்தான் உங்களுக்கு வேண்டும்.

ஒரு நோட்டில் பேரிங் வாரியாக நான்கு விவரம் எழுதினால் போதும்: பேரிங் எண், சுழலும் வேகம், நிற்கும்போது உள்ள மிகக் குறைந்த வெப்பநிலை, தண்ணீர் படுமா படாதா. கடைசி விவரத்தைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் ஒரே டப்பா எல்லா இடத்துக்கும் போகிறது.

பிளாஸ்ட் ஃப்ரீசர் ஃபேனுக்குக் குளிர்தான் முதல் பிரச்சினை. ஐஸ் ஃபேக்டரியின் உப்புநீர்க் கலக்கிக்குக் குளிர் மிதமானது, உப்புநீர்தான் எதிரி. துறைமுகத்தில் பாளத்தை நொறுக்கும் ஐஸ் கிரஷரின் பேரிங் கூடான பிளம்மர் பிளாக்குக்கு வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் நாள் முழுவதும் உருகிய நீர் தெறிக்கும், கடல் காற்றின் உப்பும் சேரும். அங்கே மைனஸ் 50 டிகிரிக்கான விலை உயர்ந்த கிரீஸைப் போடுவது வீண். தண்ணீரை விரட்டும் கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ் கிரீஸ்தான் பொருத்தம். அம்மோனியா கம்ப்ரசரின் பேரிங்குகளுக்கு அதன் சொந்த எண்ணெய்ச் சுற்று இருக்கிறது. அது தனிப் பாடம். இங்கே அதைத் தொடவில்லை.

படி 2: கிரீஸைத் தேர்ந்தெடுப்பது

இந்த வேலையில் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பிராட்வே பக்கத்துக் கடையில் கேட்டால், “மைனஸ் 40 என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறதே, அண்ணே” என்பார்கள். அந்த எண் எந்தச் சோதனையில் வந்தது என்பதுதான் கேள்வி. டப்பாவை நம்பாமல் டேட்டா ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். நல்ல நிறுவனங்கள் எல்லாமே தருகின்றன. அதில் பார்க்க வேண்டியவை இவை.

முதலில், அடிப்படை எண்ணெய் எது? கனிம எண்ணெய் என்றால் ஆழ்குளிருக்கு ஆகாது. பி.ஏ.ஓ. எனப்படும் செயற்கை ஹைட்ரோகார்பன் எண்ணெயில் மெழுகே கிடையாது. அதன் மெல்லிய ரகம் மைனஸ் 55 டிகிரிக்குக் கீழேயும் ஓடும். எஸ்டர் எண்ணெய்களும் அந்த அளவுக்குக் குளிரைத் தாங்கும். விமானங்களுக்கான கிரீஸ்களில் அவை நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. சிலிகோன் கிரீஸ் குளிரில் இளகியே இருக்கும் என்றாலும் எஃகு எஃகின்மேல் அழுந்தி உருளும் இடத்தில் சுமை தாங்காது. அதைக் கதவின் ரப்பர் கேஸ்கெட்டுக்குப் பூசுங்கள், மோட்டார் பேரிங்குக்கு வேண்டாம்.

அடுத்தது அந்த எண்ணெயின் பாகுநிலை, அதாவது தடிப்பு; சென்டிஸ்டோக் அலகில் சொல்வார்கள். 40 டிகிரியில் அளந்த எண்ணைத்தான் டேட்டா ஷீட்டில் தருவார்கள். லாரிப் பட்டறையில் போடும், கனத்த சுமைக்கான இ.பி.2 கிரீஸில் அது 150 முதல் 220 வரை இருக்கும். குளிருக்கான கிரீஸில் 20 முதல் 50 வரைதான். “இவ்வளவு மெல்லிய எண்ணெய் சுமை தாங்குமா?” என்ற தயக்கம் அனுபவசாலிகளுக்கே வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தயக்கம் தீர்ந்துவிடும். ஐ.எஸ்.ஓ. 281 தரத்தின் சூத்திரப்படி, நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் 6206 பேரிங்குக்கு ஓடும் வெப்பநிலையில் தேவைப்படும் பாகுநிலை சுமார் 17. மெல்லிய பி.ஏ.ஓ. எண்ணெய் ஒன்றுக்கு 40 டிகிரியில் பாகுநிலை 31 என்று வையுங்கள். தேவையைவிட அப்போதே ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே எண்ணெய் மைனஸ் 40 டிகிரியில் சுமார் 8,000-ஐ எட்டிவிடும். குளிரறைக்குள் எண்ணெய் மெலிந்துபோகும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. தடிப்பதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

மெதுவாக ஓடும் கன்வேயரின் கணக்கு வேறு. அதே அளவு பேரிங் நிமிடத்துக்கு 60 சுற்று ஓடினால் தேவை 220 வரை ஏறுகிறது. ஆனால் அந்த பேரிங் உறைகுளிரிலேயே ஓடுவதால் மெல்லிய எண்ணெயும் அந்தத் தேவையைப் பல மடங்கு தாண்டிவிடும். அதே கன்வேயரின் ஒரு முனை அறைக்கு வெளியே, கதகதப்பான பொதியல் கூடத்தில் இருந்தால், அந்த முனையின் பேரிங்குக்கு மட்டும் தடித்த எண்ணெயுள்ள கிரீஸ் வேண்டும். ஒரே கன்வேயருக்கு இரண்டு வகை கிரீஸ் தேவைப்படும் இடம் இது. கிரீஸ் ஏற்றும் இரண்டு பக்கத்து நிப்பிளுக்கும் வேறு வேறு வண்ணம் அடித்து வைத்தால் குழப்பம் வராது.

மூன்றாவது, கிரீஸின் இறுக்கம். என்.எல்.ஜி.ஐ. என்பது அதற்கான அளவுகோல்; ஒரு கூம்பு கிரீஸுக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதே ஊடுருவல். எண் 2 என்பது 25 டிகிரியில் ஊடுருவல் 265 முதல் 295 வரை, எண் 1 என்பது 310 முதல் 340 வரை. எண்ணெய் பொருத்தமாக இருந்தால் எண் 2-வும் குளிரில் வேலை செய்யும். குழாய் வழியே கிரீஸ் போக வேண்டிய இடங்களில் எண் 1 நல்லது. செங்குத்து ஷாஃப்டில் எண் 1 கீழே வழிந்துவிடலாம், கவனம். எண் 2 என்பதைக் குளிர் தாங்கும் அளவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது 25 டிகிரியில் எடுத்த இறுக்கம் மட்டுமே. மைனஸ் 40 பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மைனஸ் 40 பற்றி உண்மையிலேயே சொல்வது குறைவெப்பத் திருப்புவிசைச் சோதனைதான். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.-இன் டி1478 முறையில் 204 அளவு பேரிங்கில் கிரீஸை நிரப்பி, குளிர வைத்து, நிமிடத்துக்கு ஒரே ஒரு சுற்று வேகத்தில் சுழற்றுவார்கள். தொடங்கும்போது எவ்வளவு விசை, 60 நிமிடம் ஓடிய பின் எவ்வளவு என்று இரண்டு எண்கள் வரும். தொடக்க எண்ணைத்தான் உங்கள் மோட்டார் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சந்திக்கிறது. ஐரோப்பிய டேட்டா ஷீட்களில் ஜெர்மன் தரமான டி.ஐ.என். 51805-இன் ஓட்ட அழுத்தம் என்று இருக்கலாம். 1,400 மில்லிபாருக்குள் கிரீஸ் நகர்ந்தால் அந்த வெப்பநிலையில் தேறியது என்று பொருள். டி.ஐ.என். குறியீடும் உதவும். கே.பி.2.கே-30 என்று இருந்தால் கடைசி எண்தான் கீழ் எல்லை: மைனஸ் 30. நடுவே எச்.சி. என்று சேர்ந்திருந்தால் செயற்கை எண்ணெய். வாங்கும் கிரீஸின் கீழ் எல்லை உங்கள் நோட்டிலுள்ள எண்ணைவிடப் பத்து டிகிரியாவது குறைவாக இருப்பது நல்லது.

உணவுக்கூடம் என்றால் இன்னொரு நிபந்தனை கட்டாயம். மீனுக்கு மேலே தொங்கும் ஃபேனிலிருந்தும் கன்வேயரிலிருந்தும் தற்செயலாக ஒரு சொட்டு விழலாம் என்பதால் அங்கே எச்1 பதிவு பெற்ற மசகு மட்டுமே போட வேண்டும். அதற்கும் உணவில் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு என்ற உச்ச வரம்பு உண்டு. ஏற்றுமதி ஆய்வுக்கு வருகிறவர்கள் மசகின் சான்றிதழைக் கேட்பார்கள். எச்1 ரகத்திலேயே பி.ஏ.ஓ. எண்ணெயும் அலுமினியம் காம்ப்ளெக்ஸ் அல்லது கால்சியம் சல்ஃபோனேட் சோப்பும் கொண்ட குளிர் கிரீஸ்கள் கிடைக்கின்றன. உணவுக்கான தரம் வேண்டும் என்பதால் குளிர்த் தாங்குதலை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

*நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை*

டேட்டா ஷீட் கிடைக்கவில்லை, அல்லது இரண்டு டப்பாக்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே எண்ணுள்ள இரண்டு திறந்த பேரிங்குகளைச் சுத்தமாகக் கழுவி உலர்த்துங்கள். இரண்டிலும் தராசில் நிறுத்து ஒரே எடை கிரீஸை அடைத்து, கையால் இருபது சுற்றுச் சுற்றி, தனித்தனி பாலிதீன் பையில் காற்றை நீக்கிக் கட்டுங்கள். ஓர் இரவு ஃப்ரீசருக்குள் வையுங்கள். காலையில் கையுறையோடு உள்ளேயே பிரித்து, உள் வளையத்தைப் பிடித்து வெளி வளையத்தைத் திருப்புங்கள். நகர மறுப்பது எது, நகர்ந்தாலும் நெறுநெறுவென்று இழுப்பது எது, வழுக்கிக்கொண்டு போவது எது என்று கைக்கே தெரியும். வெளியே கொண்டுவந்து சோதித்தால் ஓரிரு நிமிடத்தில் சூடேறிவிடும், பலன் தப்பாகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்தக் குளிரில் எஃகு தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

படி 3: பேரிங்கையே சரிபார்ப்பது

கிரீஸ் சரியாக இருந்து பேரிங் தவறாக இருந்தால் பயனில்லை. குண்டுகளை இடைவிட்டுப் பிடித்திருக்கும் கேஜ் பாலியமைடு 66 (நைலான்) என்றால் மைனஸ் 40-க்குக் கீழே நொறுங்கத் தொடங்கும். அந்த எல்லையில் ஓடும் இடங்களுக்கு எஃகு அல்லது பித்தளைக் கேஜ் கேளுங்கள். நைட்ரைல் ரப்பர் சீலின் எல்லையும் மைனஸ் 40-தான். சூட்டுக்காகப் பெயர்பெற்ற பழுப்புநிற ‘விட்டான்’ (ஃப்ளோரோ ரப்பர்) சீல் மைனஸ் 20 அளவிலேயே விறைத்துவிடும். விலை கூடுதல் என்பதற்காக அதை ஃப்ரீசருக்கு வாங்குவது தவறு. சிலிகோன் சீல் மைனஸ் 60 வரை வளையும்.

குண்டுக்கும் வளையங்களுக்கும் உள்ள உள் இடைவெளி, சாதாரணத்தைவிடப் பெரிதான சி3 ஆக இருக்கட்டும். மோட்டார் ஓடும்போது ஷாஃப்ட் சூடேறி உள் வளையம் விரிகிறது. வெளி வளையமோ குளிர்காற்று படும் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் சுருங்கி இருக்கிறது. சாதாரண இடைவெளி என்றால் குண்டு இறுகிவிடும்.

இரு பக்கமும் சீல் செய்த ஆயுள்கால பேரிங் என்றால், தொழிற்சாலையில் உள்ளே என்ன கிரீஸ் அடைத்தார்கள் என்பதைக் கேட்க வேண்டும். பேரிங் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் கிரீஸின் குறியீடும் இருக்கும். பொதுப் பயன்பாட்டு கிரீஸ் அடைத்த பேரிங்கை ஆழ்குளிரில் மாட்டுவதுதான் ஃபேன்கள் அடிக்கடி போவதற்கு நான் பார்த்தவரையில் பெரிய காரணம்.

படி 4: கழற்றிச் சுத்தம் செய்வது

மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்விட்சைப் பூட்டி, அட்டை மாட்டிய பிறகே உள்ளே போங்கள். ஃப்ரீசருக்குள் தனியாகப் போக வேண்டாம். ஒருவர் வெளியே இருக்கட்டும். கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

மோட்டாரைக் கழற்றி வெளியே கொண்டுவருவதில் ஒரு முறை இருக்கிறது. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 26 டிகிரி. அதாவது 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பொருளின் மேலும் நம் காற்று தண்ணீராகப் படியும். மைனஸ் 40-ல் இருந்த மோட்டாரின்மேல் நிமிடங்களில் வெண்பனி பூக்கும். பிறகு அது உருகி உள்ளே இறங்கும். ஆகவே மோட்டாரை அறைக்குள்ளேயே தடித்த பாலிதீன் தாளில் சுற்றி, டேப் ஒட்டி, பிறகு வெளியே எடுங்கள். படியும் தண்ணீர் தாளின் மேலேயே நின்றுவிடும். அறைச் சூட்டுக்கு முழுதாக வரும்வரை பிரிக்காதீர்கள். பெரிய மோட்டார் என்றால் மறுநாள் காலையில் பிரிப்பதுதான் சரி. அவசரப்பட்டு ஹீட் கன் காட்டினால் மேலே உலரும், உள்ளே வேர்க்கும்.

கிரீஸ் வகையை மாற்றும்போது பழையதை ஒரு துளி மிச்சமின்றி நீக்குங்கள். லித்தியம் கிரீஸும், சோப்புக்குப் பதில் பாலியூரியா உள்ள கிரீஸும் கலந்தால் இளகி வழியலாம், இறுகியும் போகலாம். களிமண் வகை கிரீஸ் எதோடும் சேராது. மோட்டார் பேரிங்குகளில் பாலியூரியா பரவலாக இருப்பதால் இந்தக் கலப்பு அடிக்கடி நேர்கிறது. ஹவுசிங், கிரீஸ் குழாய், நிப்பிள், வடிகால் துளை எல்லாவற்றிலும் பழையது ஒளிந்திருக்கும். கழுவிய கரைப்பான் முழுவதும் ஆவியான பிறகே புதியதை அடையுங்கள். இறுகிய கிரீஸில் மண்ணெண்ணெய் கலந்து இளக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெய் சோப்பின் கட்டைக் குலைத்து எண்ணெயை ஒரேயடியாக வடியவிடும். சில வாரங்களில் வறண்ட சோப்பு மட்டும் மிஞ்சும்.

படி 5: எவ்வளவு அடைப்பது, எப்படி மாட்டுவது

இயல்பான வேகத்தில் ஓடும் ஃபேன் பேரிங்குக்கு உள்ளே இருக்கும் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். குளிரில் கூடுதலாக அடைத்தால் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் குண்டுகள் அந்தக் கூடுதல் கிரீஸை உழுதுகொண்டு போக வேண்டும். மெதுவாக ஓடி நீர் படும் கன்வேயர், கிரஷர் ஹவுசிங்குகளில் மட்டும் ஏறக்குறைய முழுமையாக நிரப்பலாம். அங்கே கிரீஸே தண்ணீருக்கு அணை.

மறுபடி கிரீஸ் ஏற்றும்போது பரவலாகப் பின்பற்றும் கணக்கு: வெளி விட்டம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் கிராம் வரும். 6206 பேரிங்குக்கு வெளி விட்டம் 62, அகலம் 16. சுமார் 5 கிராம். 6308-க்கு 90, 23. பத்து கிராமைச் சற்றுத் தாண்டும். உங்கள் கிரீஸ் கன் ஒரு அழுத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியாமல் இந்தக் கணக்கால் பயனில்லை. பத்து அழுத்துக்கு வரும் கிரீஸைத் தராசில் நிறுத்து, பத்தால் வகுத்து, அந்த எண்ணைக் கன்னின்மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

மாட்டும்போது பேரிங்கை இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரிக்குச் சூடாக்கலாம், 120-ஐத் தாண்டக்கூடாது. உள்ளே கிரீஸ் உள்ள சீல் பேரிங்குக்கு 80 டிகிரி போதும். வெல்டிங் டார்ச்சால் வாட்டுவதும் சுத்தியலால் வெளி வளையத்தில் தட்டி ஷாஃப்டில் ஏற்றுவதும் எந்தக் குளிரிலும் எந்தச் சூட்டிலும் கூடாது.

படி 6: தண்ணீரை வெளியே வைப்பது

பிளாஸ்ட் ஃப்ரீசரிலுள்ள பேரிங் மூச்சு விடுகிறது என்பதை இந்த வேலையில் இருப்பவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். குளிர்ச்சுருளில் படிந்த பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் நேரத்தில் பேரிங் ஹவுசிங் 10 டிகிரி வரை சூடாகி, பிறகு மைனஸ் 40-க்கு இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுமார் 18 சதவீதம் சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப சீலின் வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். அப்போதுதான் சுருளிலிருந்து பனி உருகி எங்கும் ஈரமாக இருக்கும். ஒவ்வொரு டீஃப்ராஸ்ட்டிலும் ஒரு மூச்சு ஈரம் உள்ளே போய், கிரீஸின் மேல் பனியாகி, அடுத்த முறை உருகித் துருவாகிறது.

இதற்கு மாற்று மூன்று. டீஃப்ராஸ்ட் முடிந்ததும் ஃபேன் உடனே ஓடாமல், சுருளில் ஒட்டிய நீர் மறுபடி உறையும்வரை சில நிமிடம் தாமதித்து ஓடும்படி டைமரை வையுங்கள். இல்லாவிட்டால் சொட்டுநீரை ஃபேனே மோட்டாரின்மேல் வீசியடிக்கும். ஷாஃப்டில் சீலுக்கு முன்னால் ரப்பர் வி-வளையம் ஒன்றைச் சேருங்கள். விலை குறைவு, பலன் பெரிது. நின்றிருக்கும் மோட்டாருக்குள் சிறு ஹீட்டர் எரியும் வசதி இருந்தால் அதை அணைத்து வைக்காதீர்கள்.

கதவு இதைவிட முக்கியம். ஃப்ரீசருக்குள் போகும் ஈரத்தில் பெரும்பங்கு கதவு வழியாகத்தான் போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவைத் திறந்து போட்டுச் சரக்கு ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் சுருளில் பனி கூடுகிறது, டீஃப்ராஸ்ட் கூடுகிறது, பேரிங்கின் மூச்சும் கூடுகிறது. பிளாஸ்டிக் திரைப்பட்டைகள் கிழிந்திருந்தால் மாற்றுவதும் பேரிங் பராமரிப்பில் சேர்த்தி என்றே நான் கருதுகிறேன்.

ஐஸ் ஃபேக்டரிக் கலக்கியில் மேல் பேரிங் தொட்டியின் மூடிக்கு மேலே இருக்கும். தெறிக்கும் உப்புநீர் ஷாஃப்ட் வழியே ஏறாமல் இருக்க அதன் கீழே ஒரு தட்டு வளையம் பொருத்தியிருக்க வேண்டும். அது துருப்பிடித்து விழுந்த பிறகு திரும்பப் பொருத்தாத தொட்டிகளில்தான் பேரிங் சீக்கிரம் போகிறது.

படி 7: மறுபடி கிரீஸ் ஏற்றும் நேரமும் முறையும்

கிரீஸ் டப்பாவையும் கன்னையும் ஃப்ரீசருக்குள் வைக்காதீர்கள். வெளியே, உலர்ந்த அலமாரியில் மூடி வையுங்கள். உள்ளே கொண்டுபோய் உடனே வேலையை முடித்துவிட்டு உடனே வெளியே எடுங்கள். டீஃப்ராஸ்ட் முடிந்து, சொட்டு நின்று, ஃபேன் கொஞ்ச நேரம் ஓடி நின்ற சமயமே ஏற்றுவதற்குச் சிறந்தது. அப்போது பேரிங் தன் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும். நிப்பிளின் தலையைத் துணியால் துடைத்துப் பனியை நீக்குங்கள். துடைக்காமல் அழுத்தினால் முதலில் உள்ளே போவது அந்தப் பனிதான். வடிகால் துளையைத் திறந்து வைத்து மெதுவாக அழுத்துங்கள். கன் மிகவும் கனத்தால் நிறுத்திவிடுங்கள். வழியில் எங்கோ பழைய கிரீஸ் உறைந்து அடைத்திருக்கிறது. பலம் கொடுத்தால் சீல் பிதுங்கிவிடும்.

வெளியே வரும் பழைய கிரீஸை விரலில் தேய்த்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர். பழுப்பாக, நறநறவென்று இருந்தால் துரு. கறுத்து மினுமினுத்தால் உலோகத் தூள். அந்த பேரிங்குக்கு கிரீஸ் ஏற்றிப் பயனில்லை, மாற்றுவதற்கு நாள் குறியுங்கள்.

படி 8: நின்ற இயந்திரத்தை மறுபடி ஓட்டுவது

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஐஸ் தேவை குறையும் இந்த இரண்டு மாதம்தான் காசிமேடு, இராயபுரம் பக்கத்து ஆலைகளுக்கு ஓவர்ஹால் காலம். பேரிங் மாற்றமும் கிரீஸ் வகை மாற்றமும் இப்போது நடந்தால் எந்தச் சரக்கும் கெடாது. ஆனால் நிற்பதிலும் ஆபத்து உண்டு. பக்கத்து இயந்திரம் ஓடும் அதிர்வில், நின்றிருக்கும் பேரிங்கின் குண்டுகள் ஒரே இடத்தில் உரசி உரசித் தடத்தில் வரிசையாகப் பள்ளம் தோண்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு ஷாஃப்டையும் கையால் சில சுற்றும் அதற்கு மேல் கொஞ்சமும் திருப்பி வேறு நிலையில் நிறுத்துங்கள். மழைக்காலம்போலவே கோடையிலும் கடற்காற்றின் ஈரம் குறைவதில்லை. குளிரை நிறுத்திய அறையின் கதவைச் சில நாள் திறந்து வைத்து உள்ளே முழுக்க உலரவிடுங்கள்.

திரும்ப ஓட்டும்போது அறையைக் குளிரவைத்த பின் ஃபேனைப் போடாதீர்கள். அறை சூடாக இருக்கும்போதே ஃபேன்களை ஓடவிட்டு, அவை ஓட ஓடக் குளிரை இறக்குங்கள். கிரீஸ் தன் இடத்தில் அமர்ந்து, உபரி ஓரத்துக்கு ஒதுங்க அவகாசம் கிடைக்கும். மின்தடையால் உறைகுளிரில் நின்ற ஃபேனை முதலில் கையால் திருப்பிப் பார்ப்பது அவசியம். திரும்பவில்லை என்றால் சில சமயம் காரணம் கிரீஸாக இருக்காது. இறக்கை ஓரத்தில் பனிக்கட்டி பிடித்திருக்கும். ஒரே சமயத்தில் எல்லா ஃபேன்களையும் போடாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

அடுத்து கிளாம்ப் மீட்டர். ஒவ்வொரு மோட்டாரும் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்தும், அறை முழுக் குளிருக்கு வந்த பிறகும் இழுக்கும் கரன்ட்டை எழுதுங்கள். காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும் என்பதால் ஃபேனின் கரன்ட் ஓரளவு ஏறுவது இயல்பு. ஒரே வரிசையில் ஒரே வகை ஃபேன்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாக இழுத்தால் அந்த பேரிங்கைக் கவனியுங்கள். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹவுசிங்கிலும் பிடியைக் காதருகிலும் வைத்துக் கேட்பது பழைய முறைதான், இன்றும் நன்றாகவே பயன்படுகிறது. ஸ்டார்ட் ஆனதும் கேட்கும் கீச்சொலி சில நிமிடத்தில் அடங்கினால் கிரீஸ் இளகி வருகிறது என்று பொருள். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அந்தக் கீச்சொலி நீண்டுகொண்டே போனால் கிரீஸ் அந்தக் குளிருக்குப் போதவில்லை. அடங்காமல் கரகரப்பாக மாறினால் தடம் போய்விட்டது.

இந்த அளவுகளை பேரிங் வாரியாக முதல் படியில் தொடங்கிய அதே நோட்டில், தேதியோடும் போட்ட கிரீஸின் பெயரோடும் எழுதி வாருங்கள். அடுத்த தடைக்காலத்தில் எதைப் பிரிக்க வேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்தே முடிவு செய்யலாம். நல்ல நிலையில் ஓடும் பேரிங்கை, ஆண்டு முடிந்துவிட்டது என்பதற்காக மட்டும் கழற்ற வேண்டியதில்லை.